காற்று வந்த வழி

ஒழுகும் பொருளைக் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஈரமான இடத்தைத்தான் காட்டுவார்கள். பேனா என்றால் கழுத்தில் படிந்த நீலம். இ-சிகரெட் என்றால் பேட்டரி மேல் வழிந்து பிசுபிசுக்கும் திரவம். "ஓட்டை இங்கேதான், பாருங்கள்" என்பார்கள். திரவம் எந்த வழியாக வெளியே வந்தது என்பதை மட்டும்தான் ஈரம் சொல்லும். ஏன் வந்தது என்று தெரிய வேண்டுமானால் காற்று எந்த வழியாக உள்ளே போனது என்று தேட வேண்டும். லேக் மார்க்கெட்டுப் பக்கத்துச் சந்தில், ஓர் ஆள் உட்காரும் அகலத்தில் இருக்கும் எங்கள் கடையில், அப்பாவும் அவருக்குப் பின் நானும் செய்த வேலை பெரும்பாலும் அந்தத் தேடல்தான்.

கல்கத்தா தெரியாதவர்களுக்கு: ராஷ் பிஹாரி அவென்யூவில் தேசப்ரிய பார்க்கிலிருந்து மேற்கே நடந்தால் வாழையிலையும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் தொடுத்த பூவும் கண்ணில் படத் தொடங்கும் இடம்தான் லேக் மார்க்கெட். தஞ்சாவூர், திருச்சி, பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் கணக்கராகவும் வந்தவர்கள் இந்தத் தெருக்களில்தான் வீடு பிடித்தார்கள். டல்ஹௌசி ஸ்கொயர் கம்பெனிகளுக்கும், கார்டன் ரீச்சில் இருக்கும் ரயில்வே தலைமை அலுவலகத்துக்கும் காலையில் கிளம்பிப் போவார்கள். கோமள விலாஸும் பிரேமா விலாஸும் அவர்களுக்குச் சோறும் காப்பியும் போட்டன. அப்பா அவர்களுடைய பேனாக்களைப் பார்த்தார். பழைய சந்தைக் கட்டடம் போய் மால் எழுந்த பிறகும் எங்கள் சந்து அப்படியே இருக்கிறது.

பேனாவில் மை நிற்பது எப்படி என்று அப்பா எனக்கு ஒரு உறிஞ்சுகுழலை வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தார். குழலைத் தண்ணீரில் முக்கி, மேல் வாயை விரலால் அடைத்துத் தூக்கினால் தண்ணீர் விழாமல் நிற்கும். விரலை எடுத்தால் கொட்டிவிடும். பேனாவிலும் மை கீழே இறங்கப் பார்க்கிறது. இறங்கினால் மேலே அடைபட்ட காற்று விரிந்து அதன் அழுத்தம் குறைகிறது. வெளியில் இருக்கும் காற்று கீழிருந்து தாங்கிக்கொள்கிறது. எழுத எழுதச் செலவாகும் மைக்கு ஈடாக, நிப்புக்கு அடியில் இருக்கும் கருப்புக் கட்டையின் காடி வழியே காற்று சிறு குமிழாக உள்ளே போகும். காற்றுக்கு அந்த ஒரு வாசல்தான். மரை தேய்ந்த கழுத்திலோ, விரிசல் கண்ட பின்பக்கத்திலோ இன்னொரு வாசல் திறந்துவிட்டால் மை நிப்பு வழியாகக் கொட்டும். வாடிக்கையாளர் நிப்பைக் காட்டி "இதை மாற்றுங்கள்" என்பார். அப்பா நிப்பைத் தொடவே மாட்டார். பின்பக்கத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பார்.

ஓட்டையே இல்லாமலும் பேனா ஒழுகும். சொட்டுக்குழாயால் மை ஊற்றும் பழைய எபோனைட் பேனாக்களில், மை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் தொல்லை ஆரம்பிக்கும். மீதி இடம் முழுவதும் காற்று. கைச்சூட்டில் அது விரிந்து மையைத் தள்ளும், கையெழுத்துப் போடும் நேரத்தில் ஒரு பொட்டு விழும். பூஜை விடுமுறையில் டார்ஜிலிங் போகும் வங்காளிகளுக்கு அப்பா தவறாமல் சொல்வார்: மையை விளிம்பு வரை ஊற்றிக்கொண்டு போ, இல்லையென்றால் காலி செய்துகொண்டு போ. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். பேனாவுக்குள் அடைபட்ட காற்று கால் பங்குக்கு மேல் பருக்கும். பாதி மையோடு ஜீப்பில் ஏறியவர்களின் சட்டைப்பை கர்சியாங்கிலேயே நீலமாகிவிடும். இதற்காகத்தான் 1941இல் வந்த பார்க்கர் 51இல், நிப்பைச் சுற்றி நெருக்கமான மெல்லிய தகடுகளை வைத்து, தள்ளப்படும் மை தங்குவதற்கு இடம் செய்தார்கள். அப்பா அதை ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் எனக்குக் காட்டுவார். நன்றாகச் செய்த பொருளைப் பார்த்தால் அவருக்கு வேறு பேச்சு வராது.

பால்பாயிண்ட் வந்து எங்கள் வயிற்றில் அடித்த பிறகு லைட்டர்களுக்கு மாறினோம். லைட்டர் கொஞ்சம் வேறு சங்கதி. உள்ளே திரவமாக அடைத்த பியூட்டேனுக்கு வெளிக்காற்றைவிட அழுத்தம் அதிகம், அதனால் அது தானாகவே வெளியேறப் பார்க்கும். ரப்பர் வளையம் தேய்ந்தால் போதும். அந்த வேலையில் யோசிக்க எதுவும் இல்லை, வளையத்தை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் கல்கத்தாவின் சாந்தினி சௌக்கில் ஒவ்வொரு அளவிலும் வளையம் வாங்கிப் புட்டியில் போட்டு வைக்கும் பழக்கம் அப்போது வந்தது. பின்னால் அதுதான் சோறு போட்டது.

இ-சிகரெட் எங்கள் கடைக்கு வரத் தொடங்கியது 2013 வாக்கில். சீன மருந்தாளர் ஹான் லிக் 2003இல் செய்த கருவியின் வழிவந்தவை. அதற்கு வெகு முன்பே, 1965இல், அமெரிக்காவின் ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் புகையிலை இல்லாத சிகரெட் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், அதை வாங்கத்தான் ஆள் இல்லை. கப்பல் சாமானுக்குப் பேர்போன கிதிர்பூர் ஃபேன்சி மார்க்கெட்டில் வாங்கியவர்களும், துபாயிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்தவர்களும், செக்டர் ஃபைவ் ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் பையன்களும் வந்தார்கள். "காக்கு, லீக் கோர்ச்சே", அதாவது "சித்தப்பா, ஒழுகுகிறது" என்று பிளாஸ்டிக் பையில் சுற்றி மேசைமேல் வைப்பார்கள். வெல்லப்பாகு கலந்த பழ வாடை கடை முழுக்கப் பரவும்.

முதல் ஒன்றைப் பிரித்தபோதே எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் பேனாதான். நிப்பு இருக்கும் இடத்தில் சூடாகும் கம்பிச்சுருள், அவ்வளவுதான் வித்தியாசம். கண்ணாடி டேங்கில் திரவம். நடுவில் புகை ஏறும் குழாய். குழாயின் அடியில் காயில் என்று சொல்லப்படும் அந்தக் கம்பிச்சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சின் பக்கவாட்டுத் துளைகள் திரவத்தில் மூழ்கியிருக்கும். கீழே காற்றுத் துளை, அதற்கும் கீழே பேட்டரி. காயில் சூடாகிப் பஞ்சிலுள்ள திரவம் ஆவியானதும், அதற்கு ஈடாக டேங்கிலிருந்து திரவம் பஞ்சுக்கு வருகிறது, பஞ்சு வழியாகக் காற்று குமிழாக டேங்குக்குள் ஏறுகிறது. அந்தக் குளுக் குளுக் குமிழ்தான் ஆரோக்கியத்துக்கு அடையாளம். டேங்கின் மேல்பக்கம் காற்றுப் புகாமல் இருக்கும்வரை திரவம் நிற்கும். மேல்மூடி வளையத்தில் தலைமயிர் அளவு இடைவெளி விழுந்தால், திரவம் பஞ்சைத் தாண்டிக் குழாய்க்குள் இறங்கிக் காற்றுத் துளை வழியாகப் பேட்டரி மேல் வழியும். ஈரம் அடியில் தெரியும், கோளாறு உச்சியில் இருக்கும். கடைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அடியில் டெஃப்லான் டேப் சுற்றிக்கொண்டு வந்திருப்பார்கள்.

நான் சோதிக்கும் முறையும் பேனாக் கடையிலிருந்து வந்ததுதான். டேங்கை முழுக்கப் பிரித்து வெந்நீரில் கழுவிக் காயவைப்பேன். பிறகு மருந்துக்கடைக் கிளிசரினில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து ஊற்றி, மை ஒற்றும் தாளின் மேல் இரவு முழுவதும் நிற்க வைப்பேன். நிகோடின் திரவத்தில் சோதிப்பதில்லை. அது தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். கையுறை இல்லாமல் நாள் முழுக்க அதில் அளைந்தால் தலை சுற்றி வாந்தி வரும். காலையில் தாள் சொல்லிவிடும். வட்டமாகக் கறை என்றால் டேங்கின் அடி வளையம் கடிபட்டுப்போயிருக்கிறது, அல்லது கண்ணாடியின் விளிம்பு சில்லு விட்டிருக்கிறது. நடுவில் ஒரே பொட்டு என்றால் காற்றுத் துளை வழியாக இறங்கியிருக்கிறது. அப்போது மேல்மூடியையும் காயில் உட்காரும் இடத்தையும் பார்க்க வேண்டும். தாள் சுத்தமாக இருந்தால் கருவியில் குற்றமில்லை, வைத்திருப்பவரின் பழக்கத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.

கருவியைப் பார்த்ததைவிட அந்த விசாரணைக்குத்தான் அதிக நேரம் போயிற்று. எப்படி ஊற்றுகிறாய் என்று கேட்பேன். பலர் காற்றுத் துளையைத் திறந்து வைத்துக்கொண்டே மேல்மூடியைக் கழற்றுவார்கள். குழலின் மேலிருந்து விரலை எடுத்தது மாதிரிதான், அந்தக் கணமே அடியில் இறங்க ஆரம்பித்துவிடும். துளையை மூடு, பிறகு மேலே திற, நடுக்குழாயில் சொட்டுகூட விழாமல் சுவரோரமாக ஊற்று, உச்சியில் கொஞ்சம் இடம் விடு. மூடியைத் திருகும்போது உள்ளே காற்று அழுத்தப்படும். அதனால் மூடியதும் தலைகீழாகக் கவிழ்த்து, பிறகு துளையைத் திற. அந்த நிலையில் பஞ்சைத் தொட்டுக்கொண்டிருப்பது காற்று, ஆகையால் அழுத்தம் திரவத்தைத் தள்ளாமல் தானே வெளியேறிவிடும். இதை ஒருமுறை செய்துகாட்டினால் பாதிப் பேருக்கு என் ரிப்பேரே தேவைப்படவில்லை. காசும் வாங்க முடியவில்லை.

லேக் மார்க்கெட்டிலேயே குடியிருந்த மாமா ஒருவர் வந்தார், கம்பெனி வேலையில் ரிட்டையர் ஆனவர். காலமெல்லாம் சார்மினார் சிகரெட் பிடித்தவர், டாக்டர் திட்டியதால் மருமகன் இ-சிகரெட் வாங்கிக் கொடுத்திருந்தார். "என்னப்பா இது, இழுத்தால் வாயெல்லாம் கஷாயம் மாதிரி வருகிறது" என்றார். தாள் சோதனையில் ஒரு பொட்டுக்கூட இல்லை. என் முன்னால் இழுத்துக் காட்டச் சொன்னேன், கன்னம் குழிய இழுத்தார். சிகரெட்டில் அப்படி இழுத்தால் நெருப்பு கனிந்து புகை கூடும். இதில் அப்படி இழுத்தால் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, காயில் ஆவியாக்கும் வேகத்தைவிட அதிகமாகத் திரவம் பஞ்சைத் தாண்டி வரும். ஆவியாகாத மிச்சம் அடியில் தேங்கிக் களகளக்கும், அடுத்த இழுப்பில் வாய்க்கு வரும். போதாததற்குச் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று, சூட்டை நிர்ணயிக்கும் வாட் அளவைக் குறைத்து வைத்திருந்தார். சூடு போதவில்லை, தேக்கம் இன்னும் கூடியது. காற்றுத் துளையைச் சற்று அகலத் திறந்து, வாட்டைக் காயிலில் பொறித்திருக்கும் அளவுக்கு ஏற்றி, "நிதானமாக, நீளமாக இழுங்கோ மாமா" என்றேன். தேங்கியதை எடுக்க அடியில் காகிதத்தைச் சுற்றி வாய்முனையில் ஊதினால் போதும். அவர் ஊதிவிட்டுக் காகிதத்தைப் பார்த்து, "இதையா இத்தனை நாள் குடித்தேன்" என்றார். கொஞ்ச நாளில் சார்மினாருக்கே திரும்பிப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

செக்டர் ஃபைவிலிருந்து வந்த ஒரு பையனின் கருவி மத்தியானத்தில் மட்டும்தான் ஒழுகியது. காலையில் இல்லை, இரவிலும் இல்லை. வளையம் எல்லாம் புதிது. அவன் நாளை அவன் வாயாலேயே சொல்லவிட்டேன். காலை முழுக்க ஏசி ஹாலில் மேசைமேல் இருக்கும். மதியம் சாப்பாட்டுக்கு வெளியே வந்து, ரோல் கடை வெயிலில் சட்டைப்பையில் படுத்த வாக்கில் வைத்துக்கொண்டு நிற்பான். அதுதான் விஷயம். இந்தத் திரவத்தில் பெரும்பங்கு கிளிசரின், மீதி புரோப்பிலீன் கிளைக்கால். 20 டிகிரியில் பாகாக நிற்கும் கிளிசரின் 30 டிகிரிக்கு வந்தால் அதன் கெட்டித்தன்மை பாதிக்கும் கீழே போகும், 40இல் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். சித்திரை வெயில் அதைத் தண்ணீராக்கிவிடும். அதே வெயிலில் பாதி காலியான டேங்கிலுள்ள காற்றும் விரிந்து அந்தத் தண்ணீரைத் தள்ளும். ஒன்று தள்ளுகிறது, இன்னொன்று தடுக்காமல் விடுகிறது. மதியம் வெளியே போவதற்கு முன் டேங்கை நிரப்பிவிடு, துளையை மூடு, நிமிர்த்தி வை என்றேன். டார்ஜிலிங் போகிறவர்களுக்கு அப்பா சொன்ன அதே மருந்து. விமானத்தில் போகிறவர்கள் காலி செய்துகொண்டுதான் போக வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். விமானத்துக்குள் அழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்குதான்.

காயில் நானே சுற்றியும் கொடுத்தேன். காந்தல் என்ற வகைக் கம்பியைத் துரப்பண ஊசியின் தண்டில் சுற்றி, ஓம் மீட்டரில் பார்த்து, பஞ்சைக் கோத்து. கம்பி சுற்றுவதை யாரும் கற்றுக்கொள்ளலாம், பஞ்சில்தான் கை பழக வேண்டும். குறைவாக வைத்தால் ஒழுகும். கூடுதலாகத் திணித்தால் திரவம் வராமல் பஞ்சு கருகும், தொண்டை எரியும். கருகிய பஞ்சும் ஒழுகும், ஏனென்றால் அதற்குப் பிடித்து வைக்கும் திறன் போய்விடுகிறது. ஒழுகலும் கருகலும் எதிரெதிர் நோய் என்று நினைத்து, கருகிய காயிலை மாற்றாமல் வளையத்தைத் தேடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பேட்டரியை மட்டும் நான் தொட்டதில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் 18650, அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் உள்ள லித்தியம் கட்டை. திரவம் டேங்கையும் பேட்டரியையும் இணைக்கும் நடு ஊசியைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தால், அல்லது மேலுறை கிழிந்திருந்தால், "இதை மாற்றாமல் தர மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிடுவேன். கண்ணாடி உடைந்தால் சட்டை பாழாகும், இது உடைந்தால் தொடை வேகும்.

2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு இ-சிகரெட்டைத் தடைசெய்து அவசரச் சட்டம் போட்டது. கர்நாடகம் 2016லேயும் தமிழ்நாடு 2018லேயும் தடுத்திருந்ததால், இந்தத் தடை இங்கும் வரும் என்று ஊருக்குப் போய்வருகிறவர்கள் மூலம் தெரிந்துதான் இருந்தது. டிசம்பரில் நாடாளுமன்றம் அதை நிலையான சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரக்கை வைத்திருந்தாலே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கையில் இருப்பதைப் பட்டியல் போட்டு அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். எங்கள் கடையில் இருந்த டேங்குகளையும் காயில்களையும், யாரோ வாங்காமல் விட்டுப்போன கருவிகளையும் பட்டியலோடு காவல் நிலையத்துக்கு எடுத்துப் போனேன். மேசையில் இருந்தவருக்கு எது டேங்க், எது காயில் என்று நான்தான் ஒவ்வொன்றாகச் சொல்லி எழுத வைக்க வேண்டியிருந்தது. ரப்பர் வளையப் புட்டியைக் கொடுக்கவில்லை. அது லைட்டருக்கும் பேனாவுக்கும் பொது.

அதற்காக நான் அழவில்லை. அதே மாதங்களில் அமெரிக்காவில் இ-சிகரெட் இழுத்தவர்களுக்கு நுரையீரல் கெட்டு, 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனைக்குப் போனதாகவும் 68 பேர் இறந்ததாகவும் கணக்கு வந்தது. பெரும்பாலும் கஞ்சாச் சத்துத் திரவத்தில் கெட்டியாக்கக் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். என் மேசைக்கு வந்த புட்டிகளில் என்ன கலந்திருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? லேபிளில் ஸ்ட்ராபெர்ரி படம் இருந்தது. சிகரெட்டை விட வந்தவர்களையும் பார்த்தேன், சிகரெட்டே தொடாமல் மாங்காய் ருசிக்காக ஆரம்பித்த கல்லூரிப் பையன்களையும் பார்த்தேன். கடைசி ஓரிரு வருஷங்களில் இரண்டாவது கூட்டம்தான் அதிகம். எதிரே பெட்டிக்கடையில் சிகரெட் தடையில்லாமல் தொங்கும்போது இதை மட்டும் தடுப்பதில் என்ன நியாயம் என்று கேட்டவர்களுக்கும் என்னிடம் பதில் இல்லை.

மறு வருஷமே பேனாக்கள் திரும்பி வந்தன, அதை நான் எதிர்பார்க்கவில்லை. 1934இல் மைத்ரா சகோதரர்கள் தொடங்கி, ஜாதவ்பூரில் ஒரு நாற்சந்திக்கே பேர் கொடுத்த சுலேகா கம்பெனி, நடுவில் பல வருஷம் மூடிக் கிடந்து, 2020இல் பேனா மையை மறுபடி இறக்கியது. தாத்தாவின் மேசை இழுப்பறையிலிருந்து பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு பிள்ளைகள் வருகிறார்கள். வளையப் புட்டி மறுபடி மேசைமேல் ஏறியது.

அந்தப் பிள்ளைகளிலேயே சிலர் இப்போது இன்னொன்றையும் நீட்டுகிறார்கள். தீர்ந்தால் தூக்கிப் போடும் வகை, எங்கேயோ ரகசியமாக வாங்கியது, மூடி ஒட்டியது, மரையே கிடையாது. போன வாரம் வந்தவனுடையதில் சார்ஜ் ஏற்றும் துளைக்குள் திரவம் கசிந்து பசையாக நின்றது. அதில் டேங்க் இல்லை, ஊறவைத்த பஞ்சுதான். வெயிலில் பைக்கில் வைத்திருந்தாயா என்றேன். ஆமாம் என்றான். "திறக்க மாட்டேன், கடையில் வைத்துக்கொள்ளவும் மாட்டேன்" என்றேன். ஆனால் அந்தத் துளையில் இனிமேல் வயரைச் செருகாதே, தண்ணீரில் கழுவாதே, குப்பைத்தொட்டியில் போடாதே, பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் கொடு என்று சொன்னேன். "காக்கு, நாலு நாள் ஜூஸ் பாக்கி இருக்கிறதே" என்றான். பையில் போட்டுக்கொண்டு மெட்ரோ பக்கம் நடந்தான். சார்ஜரில் போட்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.